இரண்டு கவிதைகளை அருகருகே வைத்துப் படிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

கவிதை படிக்க ஆசைப்பட்டுப் புத்தகம் வாங்குகிற பலர் பத்துப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு புரியவில்லை என்பதால் அல்ல. உரையைப் பார்த்தால் பொருள் தெரிந்துவிடுகிறது. "சரி, நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம்?" என்கிற இடத்தில் நின்றுபோகிறார்கள். பள்ளியில் பொழிப்புரை எழுதவும் அணியைக் கண்டுபிடிக்கவும் பழகினோம். ஒரு பாட்டோடு அரை மணி நேரம் இருக்க யாரும் பழக்கவில்லை.

அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, இரண்டு பாட்டுகளைச் சேர்த்துப் படிப்பது. கவிஞர் ஒவ்வொரு வரியிலும் எதையோ எடுத்துக்கொள்கிறார், எதையோ விட்டுவிடுகிறார். பாட்டு தனியாக இருந்தால் அது அப்படித்தான் இருக்க முடியும் என்று தோன்றும். அதே நிலையை இன்னொருவர் வேறு மாதிரி பாடியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவர் எதை விட்டார், எதைப் பிடித்தார் என்பது உடனே கண்ணில் படும். இதற்கு இலக்கணமோ விமர்சனச் சொற்களோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முன்னேற்பாடு

ஒரு நோட்டு, ஒரு பென்சில். நோட்டை விரித்து இடப்பக்கம் ஒரு பாட்டு, வலப்பக்கம் இன்னொன்று என்று கையால் எழுதிக்கொள்ளுங்கள். போனில் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது பயன்படாது. இரண்டும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கையால் எழுதும்போது பாதி கவனிப்பு தானாகவே நடந்துவிடும் என்பது இன்னொரு லாபம்.

மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் மூலநூல்கள் நிறைய உண்டு. உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன. சொந்தமாக வாங்க ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சி வசதியானது. குறுந்தொகை, புறநானூறு இரண்டும் உரையோடு இருந்தால் பல மாதங்களுக்குப் போதும்.

படி 1: ஒரே பாட்டுக்குள் இருக்கும் இரண்டைப் பாருங்கள்

இரண்டு பாட்டுக்குப் போகுமுன் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குப் புறநானூற்றின் 112ஆம் பாட்டு போல வேறில்லை. பாரி இறந்து பறம்பு மலை பறிபோன பின் அவன் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

இரண்டாம் வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மேலே போன மாதம், கீழே இந்த மாதம். நிலவு அதேதான். இப்போது வரிசையைக் கவனியுங்கள். மேலே முதலில் தந்தை, பிறகு குன்று. கீழே முதலில் குன்று, பிறகு தந்தை. அழிவைச் சொல்லத் தொடங்கும்போது மலையைத்தான் முதலில் சொல்ல முடிகிறது. அப்பா இல்லை என்பதைக் கடைசி வரை தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாதபோது சொல்கிறார்கள். எனக்கு அப்படித்தான் கேட்கிறது. உங்களுக்கு வேறாகக் கேட்கலாம். இரண்டு பாதியையும் ஒப்பிட்டதால்தான் இந்த வரிசை மாற்றம் தெரிந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

படி 2: ஒட்டுகிற இடம் உள்ள இணையைத் தேர்ந்தெடுங்கள்

"இரண்டும் காதல் கவிதை" என்பது போதாது. அப்படிப் பார்த்தால் குறுந்தொகை முழுவதுமே ஒன்றுக்கொன்று இணைதான். விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொதுவான இடம் இருக்க வேண்டும்: ஒரே நேரம், ஒரே பொருள், ஒரே சொற்றொடர், ஒரே வகையான ஆள். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறியிருந்தால் இன்னும் நல்லது.

தொடக்கத்தில் இரண்டும் சிறியவையாக இருக்கட்டும். நான்கு முதல் எட்டு வரிக்குள் முடிகிற குறுந்தொகை இதற்கென்றே செய்ததைப் போல இருக்கும்.

படி 3: சத்தமாகப் படியுங்கள்: முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது

இந்தக் கடைசித் திருப்பத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது பாட்டைப் படித்தபின் முதல் பாட்டு மாறியிருக்கும். எப்படி என்று ஒரு இணையை எடுத்தே பார்ப்போம்.

குறுந்தொகை 6, பதுமனார்:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

குறுந்தொகை 28, ஔவையார்:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே.

இரண்டிலும் ஊர் தூங்குகிறது, தலைவி விழித்திருக்கிறாள். ஒட்டுகிற இடம் அதுதான். இதற்கு மேல் உரையைத் திறக்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: பேசுகிறவர் பாட்டில் எப்போது வருகிறார்? பதுமனார் பாட்டில் முதலில் நள்ளிரவு, பிறகு மக்கள், பிறகு அகன்ற உலகம், கடைசி வரியில்தான் "ஓர் யான்". ஔவையார் பாட்டில் முதல் சொல்லிலேயே அவள் இருக்கிறாள். ஊர் கடைசியில் வருகிறது. ஒன்று "துஞ்சாதேனே" என்று தன்னில் முடிகிறது, மற்றது "துஞ்சும் ஊர்க்கே" என்று ஊரில் முடிகிறது. இரண்டும் ஒன்றையொன்று தலைகீழாகத் திருப்பிப் போட்டவை.

இரண்டாம் கேள்வி: தூங்குகிறவர்கள்மேல் என்ன எண்ணம்? முதலாமவள் "இனிது" என்கிறாள், "முனிவின்று" என்கிறாள். யார்மேலும் குறையில்லை. இரண்டாமவள் "என் நோய் அறியாது" என்கிறாள். அவளுக்கு ஊர் தூங்குவதே குற்றம்.

மூன்றாம் கேள்வி: பாட்டில் எது அசைகிறது? முதல் பாட்டில் எதுவுமே இல்லை. இரண்டாவதில் காற்று சுழன்று அலைக்கிறது. முட்டுவது, தாக்குவது, கூவுவது என்று மூன்று செயல்கள் வருகின்றன. ஆனால் மூன்றோடும் "கொல்" ஒட்டிக்கொண்டிருக்கிறது: முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ. அவள் எதையும் செய்துவிடவில்லை. பாட்டு முடியும்போதும் ஊர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நான்காம் கேள்வி: வாய்க்கு எப்படி இருக்கிறது? "முட்டு", "தாக்கு" என்று வல்லெழுத்து இரட்டித்து மோதுகிறது. "நனந்தலை" என்று சொல்லும்போது நாக்கு மெல்லத் தொட்டுவிட்டுப் போகிறது, மோதுவதில்லை.

இப்போது பதுமனார் பாட்டுக்குத் திரும்புங்கள். முதல் தடவை அமைதியாகத் தோன்றிய அதே பாட்டு இப்போது அச்சம் தரும். இவளுக்கும் முட்டிக்கொள்ளத் தோன்றியிருக்கலாம். அதைச் சொல்லாமல், யார்மேலும் கோபப்படாமல், உலகம் முழுவதையும் நன்றாகத் தூங்கவைத்துவிட்டுக் கடைசியாகத் தன்னைச் சொல்கிறாள். அந்த அடக்கம் ஔவையாரின் குரல் பக்கத்தில் இருப்பதால்தான் கேட்கிறது.

உரையை இதற்குப் பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் உரைகாரர் கண்டதைத்தான் காண்பீர்கள்.

படி 4: ஒரே சொற்றொடரைத் துரத்துங்கள்

பழகியபின் அடுத்த வகை. ஒரே சொற்றொடர் இரண்டு மூன்று பாட்டுகளில் வருகிறதா என்று தேடுவது. புறநானூறு 277இல் பூங்கணுத்திரையார் ஒரு கிழத்தாயைக் காட்டுகிறார். மீன் தின்னும் கொக்கின் இறகு போல நரைத்த கூந்தல். மகன் யானையை வீழ்த்திவிட்டுச் செத்தான் என்று செய்தி வருகிறது. அவள் மகிழ்ச்சி "ஈன்ற ஞான்றினும் பெரிதே". அடுத்த பாட்டு, 278, காக்கைபாடினியார் நச்செள்ளையாருடையது. அது "ஈன்ற ஞான்றினும் பெரிதுவந் தனளே" என்று முடிகிறது. திருக்குறள் 69 எல்லோருக்கும் மனப்பாடம்:

ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச்
சான்றோன் எனக்கேட்ட தாய்.

மூன்று பாட்டிலும் ஒரு தாயின் காதுக்கு மகனைப் பற்றிச் செய்தி வருகிறது. குறளின் தாய் கேட்கிறாள், மகிழ்கிறாள், அவ்வளவுதான். 278இன் தாய் கேட்டதை நம்பவில்லை. மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொல்ல, அப்படியானால் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் அவனைக் கண்டபின்தான் அந்த மகிழ்ச்சி.

277இல் மகிழ்ச்சியோடு பாட்டு நிற்கவில்லை. மூங்கிலில் மழை பெய்து தொங்கும் துளிகளைவிடக் கண்ணீர்த் துளிகள் "பலவே" என்று முடிகிறது. குறளைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறோம். இந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் வைத்துப் படிக்கும்போதுதான் அதில் மகன் உயிரோடு இருக்கிறான் என்பதே ஒரு செய்தியாகப் படுகிறது. போர்க்களத்துத் தாய்க்குச் சொன்ன சொல்லை எடுத்து, வீட்டுக்குத் திரும்பி வரப்போகிற மகனுடைய தாய்க்குக் கொடுத்திருக்கிறது குறள்.

படி 5: சேர்ந்தே கேட்ட பாட்டுகளைச் சேர்த்துப் படியுங்கள்

மார்கழியில் சென்னைக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது. விடியற்காலையில் ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இன்னொன்றில் திருவெம்பாவை. முப்பதும் இருபதும் "எம்பாவாய்" என்று முடிவதும், தூங்கும் பெண்ணை எழுப்புவதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொதுவான ஒற்றுமையோடு நின்றுவிடாமல் திருப்பாவையின் 15ஆம் பாட்டையும் திருவெம்பாவையின் 4ஆம் பாட்டையும் மட்டும் எடுத்து அருகருகே எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் விரும்பும் இணை இதுதான்.

இரண்டும் உரையாடல். வெளியே தோழியர், உள்ளே தூக்கக்காரி. இரண்டிலும் உள்ளே இருப்பவள் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். ஆண்டாளின் பாட்டில் "எல்லாரும் போந்தாரோ", மாணிக்கவாசகரின் பாட்டில் "எல்லாரும் வந்தாரோ". இன்னும் ஐந்து நிமிடம் தூங்க நினைக்கும் எவரும் கேட்கிற கேள்வி. இரண்டிலும் ஒரு கிளி உண்டு. ஆண்டாளின் தோழியர் உள்ளே இருப்பவளை "இளங்கிளியே" என்கிறார்கள். மாணிக்கவாசகரின் பாட்டில் உள்ளே இருப்பவள் வெளியே இருப்பவர்களைக் "கிளிமொழியார்" என்கிறாள். இரண்டிலும் எண்ணிக்கை வருகிறது. ஆண்டாள் அதே வரியிலேயே முடித்துவிடுகிறார்: "போந்தார்போந்து எண்ணிக்கொள்." வந்துவிட்டார்கள், வெளியே வந்து நீயே எண்ணிக்கொள்.

மாணிக்கவாசகர் இதை நீட்டுகிறார். "எண்ணி உள்ளபடி சொல்கிறோம், அதுவரை தூங்கிக் காலத்தை வீணாக்காதே" என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். உடனே மாறுகிறார்கள். கண்ணுக்கினியவனைப் பாடி உள்ளம் உருகி நிற்கிற எங்களால் எண்ண முடியாது, "நீயேவந்து எண்ணிக் குறையில் துயில்". நீயே வந்து எண்ணு, ஆள் குறைந்தால் போய்த் தூங்கு! எண்ணுவதற்கு வெளியே வந்தவள் மறுபடி தூங்கப் போவாளா?

ஆண்டாளின் பாட்டில் பந்து வேகமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. அதன் நடுவில் உள்ளே இருப்பவள் சட்டென்று இறங்கிவருகிறாள்: "வல்லீர்கள் நீங்களே, நானேதான் ஆயிடுக." கெட்டிக்காரர்கள் நீங்கள்தான், குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும். திருவெம்பாவைப் பாட்டில் அவள் இறங்கிவருவதே இல்லை. கேள்வி கேட்டபின் அவள் குரலே கேட்பதில்லை. முழுப் பாட்டையும் வெளியே இருப்பவர்களின் உருக்கம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டாள் பாட்டில் தோழிகள் முக்கியம், மணிவாசகர் பாட்டில் அவர்கள் பாடுகிற பொருள் முக்கியம். சைவம், வைணவம் என்று பிரித்துப் பழகியவர்கள் ஒருமுறையாவது இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

படி 6: காலத்தால் தள்ளி நிற்பவற்றை இணையுங்கள், பின்னணியைக் கடைசிக்கு வையுங்கள்

அப்பரின் "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்ற பாட்டையும் பாரதியின் "நல்லதோர் வீணைசெய்தே" என்ற பாட்டையும் எடுங்கள். இடையில் ஏறக்குறைய 1300 ஆண்டுகள். ஒட்டுகிற இடம் வீணை.

அப்பர் பாட்டில் "நான்" இல்லை, வேண்டுதலும் இல்லை. வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஐந்தையும் வைத்து, ஈசன் திருவடி நிழல் இவற்றைப் போன்றது என்கிறார். அதோடு நிறைவு. பாரதியின் பாட்டு முழுக்கக் கேள்வியும் கோரிக்கையும். "எறிவதுண்டோ?", "சொல்லடி", "தாராயோ". அப்பருக்கு வீணை இன்பத்துக்கு உவமை. பாரதிக்கு அந்த வீணை அவரேதான். அங்கே மாசே இல்லாதது, இங்கே புழுதியில் கிடக்கிறது. அங்கே கிடைத்தது போதும் என்ற குரல், இங்கே மாநிலத்துக்குப் பயன்படாமல் போய்விடுவேனோ என்ற தவிப்பு.

இவ்வளவும் பார்த்த பிறகு பெரியபுராணம் சொல்லும் நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்துவைத்தபோது அவர் பாடியது அது. ஒவ்வொரு பொருளும் குளிர்ச்சியானதாக இருப்பதன் காரணம் இப்போது தெரிகிறது. நிறைவோடு இருப்பவர் நெருப்பில் இருக்கிறார். பின்னணியை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாட்டு அந்தக் கதைக்கு விளக்கப்படமாகச் சுருங்கிவிடும். கடைசியில் சேர்த்தால் பாட்டு விரிகிறது.

படி 7: சண்டை போடும் இணைகள்

புறநானூறு 182 "உண்டால் அம்மஇவ் வுலகம்" என்று தொடங்குகிறது. பிறர்க்காக உழைப்பவர்கள் இருப்பதால் இந்த உலகம் நிற்கிறது என்கிறார் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. 194இல் பக்குடுக்கை நன்கணியார் "இன்னா தம்மஇவ் வுலகம்" என்கிறார். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சொல்லிவிடுகிறார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுத உட்காராதீர்கள். ஒரு வாரம் ஒன்றின் பக்கமும் அடுத்த வாரம் மற்றதன் பக்கமும் நின்று படியுங்கள்.

படி 8: பாட்டு பிறந்த ஊரில் வைத்துப் படியுங்கள்

இதைச் சென்னையில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாது. மயிலாப்பூருக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் இருக்கிறது (இரண்டாம் திருமுறை, 47). திருவல்லிக்கேணிக்குத் திருமங்கையாழ்வார் பாடிய பாசுரங்கள் இருக்கின்றன (பெரிய திருமொழி, இரண்டாம் பத்து, மூன்றாம் திருமொழி). திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணி சில நிறுத்தங்கள்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பாம்பு கடித்து இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை உயிரோடு எழுந்து வரச் சம்பந்தர் அழைக்கிறார். தத்துவம் எதுவும் பேசவில்லை. ஊரின் திருவிழாக்களைச் சொல்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொன்றையும் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார்: "காணாதே போதியோ பூம்பாவாய்."

திருமங்கையாழ்வார் பாட்டில் "வேதத்தை வேதத்தின் சுவைப்பயனை" என்று தொடங்கி, கனியை, களிற்றை, ஆதியை, அமுதை, அப்பனை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வினைச்சொல் வருவதாக இல்லை. கடைசியில்தான் வருகிறது: "மாடமா மயிலைத் திருவல்லிக்கேணிக் கண்டேனே." மயிலையின் பெயர் அவர் வாயிலும் வருவதைக் கவனித்தீர்களா? ஒரே கடற்கரையில், பக்கத்துப் பக்கத்து ஊரில், ஒருவர் "காணாதே போதியோ" என்று கெஞ்சுகிறார், இன்னொருவர் "கண்டேனே" என்று கொண்டாடுகிறார்.

கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சந்நிதி உண்டு, தலமரமான புன்னையும் உண்டு. பதிகத்தின் முதல் அடி "மட்டிட்ட புன்னையங் கானல்" என்றுதான் தொடங்கும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் நாள் காலையில் போனால் பூம்பாவை எழுந்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டுவதையே பார்க்கலாம்.

சிக்கல் வரும் இடங்கள்

எது சிறந்த பாட்டு என்ற கேள்வி உள்ளே வந்ததும் கவனிப்பு நின்றுவிடும். அதைத் தள்ளிவையுங்கள். ஒற்றுமைகளை மட்டும் பட்டியல் போடுவதும் அப்படித்தான். ஒற்றுமை வாசல் மட்டுமே, வேற்றுமையில்தான் சுவை. ஓர் இணை எதுவும் பேசவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். பெரும்பாலும் ஒட்டுகிற இடம் பலவீனமாக இருந்திருக்கும்.

முடிந்தால் இன்னொருவரோடு படியுங்கள். ஆளுக்கொரு பாட்டை எடுத்து அதன் பக்கம் பேச வேண்டும். பத்து வயதுக் குழந்தையோடும் இதைச் செய்யலாம். "இந்த அக்கா கத்துறாங்க, அந்த அக்கா கத்தல" என்று ஒரு குழந்தை சொன்னால் மேலே நான் நீட்டி எழுதியதன் பாதியை அது சொல்லிவிட்டது.

புதுக்கவிதைக்கு வரும்போது ஒரே கவிஞரின் இரண்டு கவிதைகளோடு தொடங்குவது எளிது. சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து கொண்டுவரத் தொடங்கிய 'எழுத்து' இதழின் கவிஞர்கள், குறிப்பாக ந. பிச்சமூர்த்தி, நல்ல தொடக்கம்.

அடுத்த இணைகள்

திருக்குறள் 1100, கம்பனின் மிதிலைக் காட்சியில் "எண்ணரு நலத்தினாள்" என்ற பாட்டு. "கண்ணொடு கண்ணிணை" இரண்டிலும் உண்டு. குறள் அதை விதியாகச் சொல்கிறது, கம்பன் காட்சியாக நடத்துகிறான்.

அப்பரின் "நாமார்க்கும் குடியல்லோம்", பாரதியின் "அச்சமில்லை அச்சமில்லை". யாருக்கு அஞ்சவில்லை என்பதை இருவரும் எப்படிப் பட்டியலிடுகிறார்கள் என்று பாருங்கள்.

குறுந்தொகை 3, 40. ஒன்று அன்பை அளக்கப் பார்க்கிறது, மற்றது அன்பு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறது.

இவை முடிந்தபின் ஐங்குறுநூற்றுக்குப் போகலாம். ஐந்து புலவர்கள் ஆளுக்கு நூறு பாட்டு, ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பத்துக்குள் பல பாட்டுகள் ஒரே சொல்லில் தொடங்கும் அல்லது ஒரே பொருளைச் சுற்றும். இணையைத் தேடும் வேலை அங்கே இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இரண்டு பாட்டு தயாராக இருக்கும்.